ஆற்றின் அக்கரை சொல்லும் பாடம்

2025 ஜனவரியின் கடைசி வாரம். கராடியில் உள்ள எங்கள் கிளைக்கு நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் காலையிலேயே வந்தார். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்த வைப்புத்தொகையை அன்றே முடித்துத் தருமாறு கேட்டார். சிங்ககட் சாலைப் பகுதியில் வசிக்கும் அவருடைய தந்தைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கு கண்டிருக்கிறது. மூன்று நாட்களில் அது நின்றுவிட்டது. பிறகு கால்கள் மரத்துப்போயின. எழுந்து நிற்க இயலவில்லை. அன்று அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார்.

“வயிற்றுப்போக்குக்கும் கால் விழுந்துபோவதற்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று அவர் கேட்டார். வணிகவியல் படித்த எங்களிடம் அதற்கு அன்று விடையில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

நண்பர்களும் பகைவர்களும்

பாக்டீரியா என்றவுடன் நாம் அஞ்சுகிறோம். ஆனால் நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஈடானது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல, செரிமானத்திற்குத் துணை நிற்பவை. நோய் தருபவை மிகச் சிலவே.

அந்தச் சிலவற்றின் வலிமை அவை பெருகும் வேகத்தில் இருக்கிறது. தக்க சூழலில் குடல் பாக்டீரியா ஒன்று 20 நிமிடங்களில் இரண்டாகிறது. கூட்டு வட்டிக் கணக்கில் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். அதே வேகம் தடையின்றித் தொடருமானால், ஒரே ஒரு பாக்டீரியா 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும்.

எனினும், உடலுக்குள் நுழைந்த கிருமியெல்லாம் நோயாக மாறுவதில்லை. தோல், சளிப்படலம், இரைப்பை அமிலம் ஆகிய காவல்களைக் கடந்து அது உள்ளே வரவேண்டும். ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளணுக்களிடமிருந்து தப்ப வேண்டும். இவற்றை எப்படிச் சாதிக்கிறது என்பதில் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு தனி வழி உண்டு.

காவலரையே முடக்கும் கிருமி

கராடியிலிருந்து முளா-முட்டா ஆற்றின் பாலத்தைக் கடந்தால் முண்ட்வா. 1897-இல் புனேயைப் பிளேக் சூறையாடியபோது, பெண் கல்வியின் முன்னோடியான சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான தம் மகன் யஷ்வந்துடன் ஹடப்சர் அருகே நோயாளிகளைப் பேணிவந்தார். முண்ட்வாவின் ஊர்ப்புறச் சேரியில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தாமே சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. சிறுவன் பிழைத்தான், நோய் தொற்றிய சாவித்திரிபாய் அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் காலமானார்.

பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆனால் எலியிடமிருந்து மனிதருக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை, பால்-லூயி சிமோன் கராச்சியில் 1898-இல்தான் சோதனையால் காட்டினார். சாவித்திரிபாய் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது.

கிருமி தெள்ளுப்பூச்சியின் உணவுப் பாதையில் பெருகி அதை அடைத்துவிடுகிறது. பசி தீராத பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமிகளைக் காயத்துக்குள் உமிழ்கிறது. அவற்றை விழுங்கிச் செரிக்கவேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே அவற்றுள் சில உயிர்தரித்து நிற்கின்றன. மனித உடலின் வெப்பத்தில் பெருகிய பின்னரோ, ஊசி போன்ற நுண்ணிய உறுப்பின் மூலம் வெள்ளணுக்களுக்குள் புரதங்களைச் செலுத்தி அவற்றை முடக்கிவிடுகின்றன. பின்னர் நிணநீர் முடிச்சுகளை அடைந்து அங்கே பல்கிப் பெருகுகின்றன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் பெரிதாக நெறி கட்டுவது இதனால்தான்.

உள்ளே புகாமலே கொல்லும் கிருமி

காலராக் கிருமியின் வழி வேறு. அது குடற்சுவரைத் துளைப்பதில்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை மட்டுமே வெளியிடுகிறது. அந்த நச்சினால் குடலின் உயிரணுக்கள் உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியேற்றுகின்றன. இந்த நச்சு உண்டு என்பதைக் கல்கத்தாவின் சம்புநாத் தே 1959-இல் நிறுவினார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எத்தனையோ உயிர்களைக் காப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது: இழந்த நீர் திரும்பிவிட்டால், மீதியை உடலே பார்த்துக்கொள்கிறது.

ஆள்மாறாட்டம்

இனி எங்கள் வாடிக்கையாளரின் கேள்விக்கு வருவோம். 2025-இன் தொடக்கத்தில் புனேயில் 200-க்கும் மேற்பட்டோர் கில்லன் பாரே நோய்க்கு உள்ளாயினர். சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில் பாதிப்பு மிகுந்திருந்தது. குடிநீரின் மீது ஐயம் எழுந்தது. தேசிய வைராலஜி நிறுவனத்தின் சோதனைகளில், நோயாளிகள் சிலரின் மல மாதிரிகளில் காம்பைலோபாக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியா காணப்பட்டது.

சுருள் வடிவமுள்ள இக்கிருமி, அசுத்தமான நீர், சரியாக வேகாத கோழி இறைச்சி ஆகியவற்றின் வழியே குடலை அடைகிறது. பெரும்பாலோருக்குச் சில நாள் வயிற்றுப்போக்குடன் தொல்லை முடிந்துவிடும். ஆனால் இக்கிருமி வகைகள் சிலவற்றின் மேலுறையில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள், நம் நரம்புகளின் மேல் உள்ளவற்றை ஒத்திருக்கின்றன. கிருமியை அழிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்குகின்றன. வங்கி மொழியில் சொன்னால், இது அடையாள ஆவணம் ஒத்துப்போனதால் நேர்ந்த ஆள்மாறாட்டம். குற்றவாளி வெளியேறிய பின்னும் குற்றமற்றவன் தண்டனை பெறுகிறான். வயிறு குணமாகி ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக் கால்கள் தளர்வதன் காரணம் இதுவே. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகலாம்.

நம் கையில் உள்ளவை

குடிநீரைக் கொதிவந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடிப்பதும், இறைச்சியை நன்கு வேகவைப்பதும், பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தாதிருப்பதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் எளிய செயல்கள். ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே, அவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் உட்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பின் கை கால்களில் மரத்துப்போதலோ தளர்ச்சியோ தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

வங்கியாளராக ஒரு சொல்லும் சேர்த்துக்கொள்கிறோம். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக முதல் 30 நாட்களுக்கு, விபத்து தவிர்ந்த நோய்களுக்கு இழப்பீடு கிடைப்பதில்லை. ஆகவே நலமாக இருக்கும்போதே அதை எடுத்துவைப்பது அறிவுடைமை. அவசரத்தில் வைப்புத்தொகையை முறிப்பதற்கு முன், அதன் பேரில் கடன் பெற இயலுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அன்று எங்கள் வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்து கொடுத்ததும் அதுதான். அவருடைய வைப்புத்தொகை முறியவில்லை.

ஜூலை மாதத்தில் அவர் தந்தையுடன் வந்து கடனின் கடைசிப் பகுதியைக் கட்டினார். கைத்தடியை ஊன்றி, வாசற்படி மூன்றையும் தாமே ஏறிவந்த பெரியவர், நாங்கள் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, “காய்ச்சியதுதானே?” என்று கேட்ட பிறகே பருகினார்.