தொட்டிக்குள்ளே துரத்தல்: இது தீனியா, வேடிக்கையா?

சென்னையில் கலர் மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கிருந்து வீடுகளுக்குப் போகும் மீன்களில் ஆஸ்கார், அரோவானா மாதிரி 'வேட்டைக்கார' மீன்களும் உண்டு. இவற்றுக்கு உயிருள்ள தங்க மீனையும் கப்பியையும் போட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கைதட்ட, விருந்தாளிகள் வாய்பிளக்க, லபக்!

"ஆற்றிலும் இதுதானே நடக்குது?" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஆற்றில் பாசி உண்டு, பாறை உண்டு, தப்பி ஓட வழி உண்டு. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் குட்டி மீன் எங்கே ஓடும்?

அபராதம் 50 ரூபாய்

1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவு, வெறும் கேளிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாகும்படி அடைத்து வைப்பது குற்றம் என்கிறது. மனிதனைத் தவிர எல்லா உயிரும் அதில் 'பிராணி'தான், மீனும் சேர்த்தி. முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். டீ, வடை செலவு!

வளர்க்கிற மீனுக்கும் ஆபத்து

தங்க மீன் உடம்பில் இருக்கும் 'தயமினேஸ்' என்ற பொருள் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். தினமும் அதையே தின்றால் ஆஸ்கார் நோஞ்சான் ஆகிவிடும். இரை மீனோடு வெள்ளைப்புள்ளி நோயும் இலவசமாக வந்து சேரலாம்.

குருணைத் தீவனத்துக்கு இந்த மீன்களைப் பழக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மீனுக்குப் பாவ புண்ணியம் தெரியாது. தொட்டிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியுமே!