இடிந்து விழும் கட்டிடங்களின் இசை



தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என்று இசைக்கருவிகளை வகுத்து வைத்தனர் நம் முன்னோர். இவ்வகுப்பிலே, பேரங்காடியில் சாமான் ஏற்றித் தள்ளிச் செல்லும் வண்டிக்கு எங்கே இடம்? கொங்கிறீற்றை உடைக்கும் இயந்திரத்தை எதனோடு சேர்ப்பது? விளையாட்டாகக் கேட்கும் வினாவன்று இது. இவற்றையெல்லாம் மேடையிலே ஏற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இசை நிகழ்த்திய குழுவொன்று ஜேர்மனியிலே உண்டு. 'ஐன்ஸ்டூர்ட்செண்ட நொய்பௌட்டன்' என்பது அதன் பெயர். நம் நாவிலே எளிதிற் புரளாத அப்பெயருக்கு 'இடிந்து விழும் புதுக்கட்டிடங்கள்' என்பது பொருள். இனி நான் சுருக்கமாக 'நொய்பௌட்டன்' என்றே குறிப்பிடுவேன்.

புதுக்கட்டிடம் என்ற சொல்லுக்கு ஜேர்மனியரிடையே ஒரு தனிப்பொருள் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே குண்டு வீழ்ந்து பாழான நகரங்களில், போருக்குப் பின்னர் அவசர அவசரமாக எழுப்பிய சீமெந்துக் கட்டிடங்களையே அவர்கள் அவ்வாறு அழைப்பர். ஆகவே இப்பெயரிலே ஒரு குத்தல் இருக்கிறது. பழைய இடிபாடுகளை மறைத்து எழுந்த புதிய வாழ்வும் இடியத்தான் போகிறது என்று இளைஞர் சிலர் சொல்லிவிட்டனர். அவர்களுடைய முதல் நிகழ்ச்சி 1980ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி, மேற்கு பேர்லினில் 'மூன்' என்னும் சிறு கேளிக்கைக் கூடத்திலே நடைபெற்றது. ஏழு வாரங்கள் சென்றன. மே 21ஆந் திகதி, 1957இல் அமெரிக்கரின் உதவியோடு கட்டப்பெற்று மேற்கு பேர்லினின் பெருமையாக விளங்கிய மாநாட்டு மண்டபத்தின் கூரை திடீரென இடிந்து வீழ்ந்தது, ஓருயிரும் பலியாயிற்று. பெயர் முன்னரே வைக்கப்பட்டதெனினும், கேட்டவர்களுக்கு அது வருவதுரைத்தது போலத் தோன்றியதில் வியப்பில்லை.

இக்குழு பிறந்த ஊரைச் சற்று நோக்குவோம். 1961இல் எழுந்த மதிலினாற் சூழப்பட்டு, கிழக்கு ஜேர்மனியின் நடுவே ஒரு தீவு போலக் கிடந்தது மேற்கு பேர்லின். தொழிற்சாலைகள் பல வெளியேறிவிட்டன. வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன, வாடகையோ குறைவு. அங்கு வாழ்வோருக்குக் கட்டாய இராணுவ சேவையும் இல்லை. ஆதலின், மேற்கு ஜேர்மனியின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் அங்கே வந்து கூடினர். கையிற் பணமில்லை, பொழுது நிறைய இருந்தது.

முதல் நிகழ்ச்சியில் நால்வர் இருந்தனர். பிளிக்ஸா பார்கெல்ட் என்பவரே தலைவர். பாட்டும் கிற்றாரும் அவர் பொறுப்பு. பெற்றோர் இட்ட பெயர் வேறு. 'பிளிக்ஸா' என்பது ஒரு பேனாவின் வாணிபப் பெயர், 'பார்கெல்ட்' என்றால் ரொக்கப் பணம். கையிலே பணமில்லாத ஒருவர் தமக்கு ரொக்கப் பணம் என்று பெயரிட்டுக்கொண்ட குறும்பினை நேயர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாமவர் நியூயோர்க்கிற் பிறந்த என். யூ. உன்றூ. ஜேர்மன் மொழியில் அச்சொல் கைக்கடிகாரத்தினுள்ளே ஓயாது ஆடும் சிறு சக்கரத்தைக் குறிக்கும். மற்றை இருவர் குட்றூன் கூட், பெயாற்றா பார்ட்டல் என்னும் பெண்மணிகள். இவ்விருவரும் விரைவிலே விலகி வேறு குழுக்களிற் புகழ் பெற்றனர்.

இனி, இரும்பு எவ்வாறு இசைக்குள் வந்தது? கொள்கை பேசி வந்ததன்று; வறுமையினால் வந்தது. உன்றூவுக்குப் பணமுடை ஏற்பட்டது; தம் முரசுத் தொகுதியை விற்றுவிட்டார். மேளமில்லாத மேளகாரர் என் செய்வார்? கட்டிட வேலைத்தளங்களிலும் குப்பைமேடுகளிலும் கிடந்த தகடுகள், குழாய்கள், சுருள்விற்கள் ஆகியவற்றைப் பொறுக்கிவந்து தட்டலாயினார். அதே 1980ஆம் ஆண்டிலே அவரும் பார்கெல்டும் நெடுஞ்சாலைப் பாலமொன்றின் இரும்பு வயிற்றுக்குள்ளே புகுந்து, மேலே வாகனங்கள் ஓட, அப்பாலத்தையே அடித்து ஒலிப்பதிவு செய்தனர். அது சிறு கசெற்றாக வெளிவந்தது. அதன் பெயர் 'உருக்கிசை'.

இவ்வகை இசையைத் 'தொழிற்றுறை இசை' என மேனாட்டார் வழங்குவர். அப்பெயர் இலண்டனிலே 'துறொபிங் கிறிசில்' என்ற குழுவினர் 1976இல் தம் இசைத்தட்டு நிலையத்துக்கு இட்ட பெயரிலிருந்து பரவியது. ஆனால் இலண்டன் குழுவினர் பெரிதும் நாடாக்களையும் மின்கருவிகளையும் நம்பினர். பேர்லின்காரரோ பொருளையே நேரிற் சென்று தட்டினர். என் மதிப்பிலே இவர்களுடைய சிறப்பு இங்கேதான் இருக்கிறது.

ஏனெனில் பொருளுக்குப் பொருள் குரல் வேறு. வீணைத் தந்தியை மீட்டினால், அடிப்படைச் சுருதியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என ஒழுங்கான மேலொலிகளும் கூடவே எழுகின்றன. அவ்வொழுங்கினாலேயே நம் செவி 'இது இன்ன சுரம்' என அறிகின்றது. இரும்புத் தகட்டிலே அவ்வொழுங்கு இல்லை. அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று இணங்காதவை. எனவே சுரத்தைப் பற்ற முடியாத செவி, தாளத்தையும் ஒலியின் நிறத்தையும் பற்றிக்கொள்கின்றது. பிளாஸ்ரிக் குழாயோ அப்படியன்று. அதன் வாயைத் தட்டையான பொருளால் அறைந்தால், உள்ளிருக்கும் காற்றின் நீளத்துக்கேற்ப ஒரு சுரம் பிறக்கும். குழாயை அறுத்து அறுத்துச் சுருதி சேர்க்கலாம். சுருள்வில்லின் ஒலி காற்றிலே மிக மெலிந்தது. பொருளின் உடம்போடே ஒட்டி, அதன் நடுக்கத்தை நேரே வாங்கும் ஒலிவாங்கியைப் பொருத்தினால், அது கோயில் மணி போல ஆழ்ந்து முழங்கும். இவையாவும் இக்குழுவினர் பழகிப் பழகிக் கண்ட நுட்பங்கள். ஓசைதானே, எவரும் தட்டலாம் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

1981இல் 'கொலாப்ஸ்', அதாவது 'சரிவு' என்ற முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. உண்மையைச் சொன்னால், அதனை ஒரே இருப்பிற் கேட்டு முடிப்பது கடினம். அக்காலத்தை ஒட்டி மூவர் வந்து சேர்ந்தனர். ஹம்பேர்க் நகரிலிருந்து எஃப். எம். ஐன்ஹைட்டும் மார்க் சுங்கும் வந்தனர். பேர்லின் பையனான அலெக்ஸாண்டர் ஹாக்க அப்போது பள்ளிப் பருவத்தினர். புகையிரத இயந்திரங்கள் செய்த 'போர்சிக்' தொழிற்சாலையின் பெயரைத் தமக்குப் புனைபெயராக வைத்திருந்தார். இந்த ஐவருமே பத்தாண்டுகளுக்கு மேலாகக் குழுவைத் தாங்கினர். இரும்பை அடிப்பதில் ஐன்ஹைட்டுக்கு நிகரானவர் அருமை.

1984ஆம் ஆண்டு சனவரி 3ஆந் திகதி இலண்டனிலே நிகழ்ந்ததையும் சொல்லியாக வேண்டும். தற்காலக் கலை நிறுவனத்தின் மண்டபத்தில் 'குரலுக்கும் இயந்திரங்களுக்குமான இசைநிகழ்ச்சி' என அறிவிக்கப்பட்டது. குழுவினர் சிலரும் ஆங்கில நண்பர்களும் பங்குபற்றினர், பார்கெல்ட் பங்குபற்றவில்லை. சீமெந்து குழைக்கும் இயந்திரமும் இயந்திர வாளும் முழங்கின. துளையிடும் இயந்திரம் மேடையையே துளைக்கத் தொடங்கியது. இருபது நிமிட அளவில் நிருவாகிகள் நிறுத்திவிட்டனர். சபையினர் இயந்திரங்களுக்காக இழுபறிப்பட்டனர். 2007இலே அதே மண்டபத்தில் ஒரு கலைஞர் அந்நிகழ்ச்சியை மீண்டும் நடித்துக்காட்ட ஏற்பாடு செய்தார். கலகமும் ஒத்திகை பார்த்து நடிக்கும் கலகமாயிற்று!

குழுவுக்கு நேர்ந்த பெரும் இக்கட்டு இதிலிருந்தே பிறந்தது. மக்கள் இசை கேட்க வரவில்லை. எது உடையும், எது எரியும் என்று பார்க்க வந்தனர். ஓசையையே எதிர்பார்த்து வருபவனுக்கு ஓசை அதிர்ச்சி தருமா? அதனை மேலும் மேலும் பெருக்கிக்கொண்டே போகலாம்; அல்லது திரும்பி வேறு வழி நடக்கலாம். நொய்பௌட்டன் இரண்டாவதைத் தெரிந்துகொண்டது. 1985இல் வந்த 'பாதி மனிதன்' என்ற தட்டின் தலைப்புப் பாட்டிலே இரும்பில்லை. மனிதக் குரல்கள் மாத்திரம் அணிவகுத்து வருகின்றன. அவ்வாண்டிலேயே யப்பானிய நெறியாளர் சோகோ இஷீ, பாழடைந்த இரும்பாலையொன்றிலே இவர்களைப் படமெடுத்தார்.

1989 நவம்பர் 9ஆந் திகதி மதில் திறந்தது. ஆறு வாரங்கள் கழித்து, டிசம்பர் 21ஆந் திகதி, இவர்கள் கிழக்கு பேர்லினிலே முதன்முறையாக இசைத்தனர். இடம், மின்சாதனங்களுக்குக் கரி செய்யும் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் மண்டபம். மறு ஆண்டு, மறையும் தறுவாயில் இருந்த கிழக்கு ஜேர்மன் வானொலி, ஹைனர் முல்லரின் 'ஹம்லெற் இயந்திரம்' என்ற நாடகத்தை இவர்களின் இசையோடு வானொலி நாடகமாகத் தயாரித்தது. பார்கெல்ட் ஹம்லெற்றாகப் பேசினார். ஒஃபீலியாவாகப் பேசியவர் பத்தாண்டுகளுக்கு முன் விலகிய அதே குட்றூன் கூட். காட்சியே இல்லாத வானொலியில், எது உடைகிறது என்று பார்க்க எவராலும் இயலாது. கேட்கத்தான் வேண்டும்.

பின்னர் பிரிவுகள் வந்தன. 1994இல் சுங் விலகினார். அடுத்து ஐன்ஹைட்டும் சென்றார். அவருடைய பிரிவு ஈடுசெய்ய இயலாத இழப்பென்றே நான் எண்ணுகின்றேன். 1983 முதல் 2003 வரை நிக் கேவ் என்ற அவுஸ்திரேலியப் பாடகரின் குழுவிலும் கிற்றார் வாசித்துவந்த பார்கெல்ட், யொஹென் ஆர்பைட், றூடொல்ஃப் மோஸர் என்னும் இருவரை 1997இற் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டு மௌனத்தைப் பற்றியது. அதிலே ஒருவர் சிகரெற்றை இழுக்கும் சிற்றொலியும் இசையாகின்றது. 2002இலே இவர்கள் இசைத்தட்டு நிறுவனங்களை ஒதுக்கி, இணையத்தின் வாயிலாக நேயர்களிடமே நேரிற் சந்தா பெற்று, ஒத்திகைகளையும் அவர்கள் பார்க்கத் திறந்துவிட்டனர். அக்காலத்தில் அது புதுமை. 2020இலும் 2024இலும் புதிய தட்டுகள் வந்தன.

அவர்கள் செய்தவற்றுள் இரண்டை இறுதியாகச் சொல்வேன். 2004 நவம்பரில், கிழக்கு ஜேர்மன் அரசு 1976இல் திறந்த 'குடியரசு மாளிகை'யின் உள்ளே இசைத்தனர். கல்நார் நஞ்சினை அகற்றுவதற்காக உள்ளுடல் முழுதும் உரிக்கப்பட்டு, இரும்புச் சட்டமாய் நின்றது அது. சந்தாதார நேயர் பலர் கோரஸாகக் குரல் கொடுத்தனர். 2006இல் மாளிகையை இடிக்கத் தொடங்கினர்.

மற்றையது 'லமெண்ட்', அதாவது 'புலம்பல்'. முதலாம் உலகப் போரின் நூற்றாண்டை ஒட்டி, போரிலே அழிந்து மீண்ட டிக்ஸ்மௌட என்னும் பெல்ஜிய நகரம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 2014 நவம்பரிலே அங்கு அரங்கேறியது. அதன் ஒரு பகுதியில் பிளாஸ்ரிக் குழாய்கள் நிற்கின்றன. குழாய்க்கு ஒரு நாடு. ஒவ்வோரடியும் போரின் ஒரு நாள். நாடுகள் போரிற் புகப் புகக் குழாய்கள் சேர்கின்றன. பதின்மூன்று நிமிடங்களில் நான்காண்டுகள் கழிகின்றன. கேட்போன் நாட்களை எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டுவிடுகின்றான். அதே ஆக்கத்தின் வேறொரு பகுதியில் 16ஆம் நூற்றாண்டுப் பாடலொன்றினை வில்வாத்தியங்கள் மிக மெதுவாக இசைக்கின்றன. பொருள், விவிலியத்திலுள்ள ஊதாரி மைந்தன் கதை. அக்கதையையே, போர்க்காலத்தில் ஜேர்மன் மொழியறிஞர், சிறைமுகாம்களிலிருந்த பன்னாட்டுப் போர்க்கைதிகளை அவரவர் தாய்மொழியிற் சொல்லச்செய்து பதிவு செய்திருந்தனர். அப்பழைய பதிவுகள் வில்வாத்தியங்களினிடையே எழுகின்றன. ஒரு மகன் வீடு திரும்பிய கதையை, திரும்புவோமா என்றறியாதவர்கள், ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.