மீன் எண்ணெய் மாத்திரையை உணவுடன் உட்கொள்வது ஏன்?

மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 நீரில் கரையாத கொழுப்பு. உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலை அடையும்போதுதான் பித்தநீரும் கணைய நொதிகளும் போதிய அளவு சுரந்து, அது உடலில் சேர உதவுகின்றன.

எத்தில் எஸ்டர் வகை மாத்திரைகளுக்கு இது மிக முக்கியம். 1988-இல் வெளியான ஆய்வொன்றில், கொழுப்புக் குறைந்த உணவுடன் 20 விழுக்காடே உறிஞ்சப்பட்ட இவ்வகை, கொழுப்பு மிகுந்த உணவுடன் 60 விழுக்காடு வரை உறிஞ்சப்பட்டது.

ஆகவே, வெறும் வயிற்றில் உட்கொள்ளாதீர்கள். சொதியோ சாளை மீன் குழம்போ சேர்ந்த மதிய உணவுடன் உட்கொள்ளலாம். இதற்கெனக் கூடுதல் எண்ணெய் தேவையில்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், கணைய அல்லது பித்தநாள நோயுள்ளோரும் முதலில் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நீங்கள் ஆலோசனை பெறலாம்.