திரையில் சிதைந்த எழுத்து, கோப்பில் சிதையாத எழுத்து

வீட்டு மேசைக் கணினியில் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறக்கும்போது, தமிழ் எழுத்துக்கு மாறாக வெற்றுக் கட்டங்களோ பொருளற்ற உரோமன் எழுத்துகளோ தோன்றுவதுண்டு. கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அதனை அழித்துவிடுவோரும் உளர். சிகாமட் போன்றதோர் ஊரில் இது சிறிய இழப்பன்று. 2006, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளம் கண்ட ஊர் இது. தாள்கள் நனைந்து அழிந்த வீட்டில், ஒரு கோயில் விழா மலருக்கோ பள்ளி ஆண்டிதழுக்கோ குடும்ப வரலாற்றுக்கோ பழைய வட்டில் உள்ள கோப்பே எஞ்சிய ஒரே படியாக இருக்கக்கூடும். ஆகவே, பழுது எங்குள்ளது என்பதை முறையாகக் கண்டறியும் வழியை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில், குறை திரையிலா எழுத்திலா என்று பிரித்தறிதல் வேண்டும். திரை முழுவதும் கோடுகள் ஓடினாலோ நிறம் மாறினாலோ, கணினியின் திரைப்பிடிப்பு வசதியால் ஒரு படம் எடுத்து, அதனைக் கைப்பேசியில் காண்போம். அப்படத்தில் குறை இல்லையெனில், பழுது திரையிலோ அதனை இணைக்கும் கம்பியிலோ உள்ளது. கம்பியின் இரு முனைகளையும் கழற்றி இறுகப் பொருத்துதலும், வேறு கம்பியை மாற்றிப் பார்த்தலும் முதற்படிகள். மாறாக, பிற யாவும் தெளிவாக இருக்கத் தமிழ் மட்டும் சிதைந்து தோன்றினால், திரையில் குறையில்லை. புதுத் திரை வாங்குவதால் பயன் விளையாது.

இதன் காரணத்தைச் சற்று நோக்குவோம். கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணையே சேமிக்கிறது. முன்னாளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பிறரும் வெவ்வேறு எழுத்துருக்களை ஆக்கினர். ஒவ்வொன்றிலும் எண் வரிசை வேறுபட்டது. இவ்வேறுபாட்டை நீக்கத் திஸ்கி தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் ஆகிய குறியாக்கங்களும் வந்தன. இன்று ஒருங்குறி எனும் யூனிகோடு, தமிழுக்கென 128 இடங்களைத் தனியே ஒதுக்கியுள்ளது. எழுத்துரு மாறினாலும் எண் மாறாது.

எனவே, திரையில் தோன்றும் அடையாளமே நோயைக் காட்டிவிடுகிறது. ஒலிக்குறி இட்ட உரோமன் எழுத்துகள் தோன்றினால், அது பழைய குறியாக்கத்தில் அமைந்த கோப்பு. உரிய எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும். குறியாக்க மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுதல் நிலையான தீர்வு. கட்டங்கள் தோன்றினால், பெரும்பாலும் கோப்பு ஒருங்குறியில் உள்ளது. கணினியில்தான் தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய கணினியில், மொழி அமைப்புக்குள் சென்று அதற்குரிய ஆதரவை இயக்க வேண்டும். கொம்பு முதலிய குறிகள் இடம் மாறி நின்றால், அது எழுத்துகளைக் கோக்கும் பணியில் நேர்ந்த பிழை. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும், ஒருங்குறியில் ககரத்தின் பின்னரே அது சேமிக்கப்படுகிறது. பழைய குறியாக்கங்களிலோ கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே கொம்பு முன்னே நின்றது. பிழையான மாற்றத்தில் இவ்வரிசை குலையும்போது, புள்ளி வட்டத்தோடு கொம்பு தனித்து நிற்கும்.

இவை யாவும் மீட்கத்தக்கவை. மீட்க இயலாதது ஒன்றுண்டு. பொருந்தாத குறியாக்கத்தில் கோப்பை மீண்டும் சேமித்தால், எழுத்துகளின் இடத்தில் வினாக்குறிகளே பதிவாகிவிடக்கூடும். அப்போது மூல எண்கள் மறைந்துவிடுகின்றன. வேறு படி இருந்தாலன்றி மீட்சி இல்லை. ஆதலால், சிதைந்து தோன்றும் கோப்பைத் திருத்துமுன் அதன் படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தல் இன்றியமையாதது. அப்படியைத் தொடாமல் காத்து, மற்றொன்றில் மட்டுமே மாற்றங்களைச் செய்து பார்த்தல் வேண்டும். எந்த எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது என்பதை எழுதியவரிடம் கேட்டுக் குறித்து வைத்தலும் நன்று; அவர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.

நம் வீடுகளின் பழைய வட்டுகளில் உறங்கும் தமிழ் பெரும்பாலும் அழியவில்லை. அதனைப் படிக்கும் எண் வரிசையே நம் கணினியில் மாறியுள்ளது.