பட்டுக்கூட்டின் மற்றோர் உபயோகம்

அண்மையில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அதன் சாயச்சாலையில் பட்டு அவிப்பதைச் சற்று நேரம் நின்று கண்டோம். நெடுநாள் அனுபவமுள்ள பெரியவர் ஒருவர், சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலிருந்து சிட்டத்தைத் தூக்கி, இரு விரல்களிடையே தேய்த்துப் பார்த்து, "இதற்குமேல் விட்டால் நூல் வெந்துபோகும் ஐயா" என்று இறக்கிவிட்டார். அவ்வொரு சொல்லுக்குள் எத்துணை ரசாயனம் அடங்கியிருக்கிறது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டுகையில் இருவகைப் பொருள்களை உமிழ்கிறது. உள்ளிழை ஃபைப்ராயின், அதன்மேல் பூசிய பசை செரிசின். கூட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இப்பசையே. அவிக்கும்போது எடை குறைவதன் காரணமும் இதுவே. இரண்டும் புரதங்கள், அதாவது, அமினோ அமிலங்கள் என்னும் சிறு துணுக்குகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள். இத்தகைய சங்கிலிப் பொருளையே பாலிமர் என்பர். நைலானும் பாலிமர்தான். ஆனால் பருப்பையும் பாலையும் செரிக்கும் நம் உடல், அதே முறையில் பட்டின் கண்ணிகளையும் மெல்ல மெல்ல வெட்டவல்லது. நைலானை அவ்வாறு செய்ய இயலாது. வெட்டுண்ட அமினோ அமிலங்கள் உணவிலிருந்து வருபவற்றைப் போலவே உடலோடு கலந்துவிடுகின்றன.

இவ்வகைச் சங்கிலிகளை ஆய்வுச்சாலையிலேயே கோக்கும் வழிக்கு 1906-இல் வித்திட்டவர் ஹெர்மன் லாய்க்ஸ் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர். அவ்வழி இன்று வெகுவாக வளர்ந்திருக்கிறது. ஆயினும் முசுக்கொட்டை இலையைத் தின்னும் புழு, கிளைசின், அலனின், செரின் ஆகிய மூன்றையும் மாறி மாறி அடுக்கும் ஒழுங்கைக் காணும்போது, புழுவே கைதேர்ந்த நிபுணர் என்று தோன்றுகிறது.

வைத்தியர்கள் பட்டு நூலால் காயங்களைத் தைப்பது நெடுங்காலப் பழக்கம். ஆட்டின் குடலிலிருந்து செய்யும் நரம்பு உடலில் விரைவில் கரைந்துவிடும். பட்டு நூலையோ கரையாத நூல் என்றே வகைப்படுத்தியுள்ளனர். உண்மையில் அதுவும் கரைவதே. உடலினுள் ஓராண்டளவில் வலுவிழந்து, ஈராண்டளவில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. செரிசின் முற்றும் நீங்காத பட்டோ உடலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். பசையை நன்கு போக்க வேண்டும் என்பதில் நெசவாளருக்கும் வைத்தியருக்கும் கருத்து வேற்றுமையில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் இதில் பல்லாண்டுகள் உழைத்துள்ளனர். அவர்கள் கூட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, சலவைச் சோடா கரைந்த கொதிநீரில் அரைமணி நேரம் அவித்துப் பசை போக்குகின்றனர். பின்னர் லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலில் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் கரைத்து, மெல்லிய சவ்வுக்குள் அடைத்து, இரண்டு நாள் நீரை மாற்றி மாற்றி உப்பை நீக்குகின்றனர். எஞ்சும் பட்டு நீரைத் தாளாகவும் பஞ்சாகவும் கூழாகவும் ஆக்கலாம். சங்கிலிகள் எவ்வளவு நெருங்கிப் படிந்துள்ளனவோ அதற்கேற்ப, சில நிமிடங்களில் கரைவதாகவும் நெடுநாள் நிலைப்பதாகவும் அதனை அமைக்க முடிகிறது. புண்ணுக்கு மூடியாகவும், புதிய தசை வளரச் சாரமாகவும், மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் கலமாகவும் அதனை ஆராய்ந்து வருகின்றனர். அவிக்கும் நேரம் நீண்டால் சங்கிலிகள் அறுந்து குறுகுகின்றன. தாளும் வலுக் குன்றுகிறது. நமது பெரியவரின் விரல்கள் அறிந்ததும் இதுவேயன்றோ!

பழத்தோட்டக்காரர்களும் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. 2016-இல் அப்பல்கலைக்கழகத்தார் ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பட்டு நீரில் தோய்த்து வைத்தனர். குளிர்ப்பெட்டியின் துணையின்றியே 7 நாட்கள் அவை சாறு வற்றாதிருந்தன. தோய்க்காதவை வாடி நிறம் மாறின.

நூல் இழுக்கத் தகாத துளைக்கூடும் இரட்டைக்கூடும் நம்மிடையே கழிவு விலைக்கே போகின்றன. கூட்டை வெட்டிக் கரைக்கும் வேலைக்கு அறுபடாத இழை தேவையில்லை. அவற்றிலுள்ள ஃபைப்ராயின் வேறுபட்டதன்று. சாயம் ஏறாமலும் கறை படாமலும் அவற்றைத் தனியே சேர்த்து, எந்தப் பண்ணையின் கூடு என்று சீட்டெழுதி வைப்பதில் சங்கங்களுக்குச் செலவு மிகுதியில்லை. ஆனால் ஓர் ஆய்வுச்சாலைக்கு வேண்டியது கிலோக் கணக்கிலேயே இருக்கும். வண்டிக் கணக்கில் இராது. இதை மறந்து கணக்குப் போடுதல் ஆகாது.

கழிவுக் கூடுகளுக்கு "மருந்து விலை" வாங்கித் தருவதாகக் கூறிய தரகர் ஒருவர், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்ட செய்தி ஓரூரில் நம் காதுக்கு எட்டியது. அத்தகையோர் வந்தால், எந்த ஆய்வுச்சாலைக்கு, எத்தனை கிலோ, என்ன விலைக்கு என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அக்கடிதத்தை நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் எழுதும் வரையில் சங்கப் பணத்தில் ஒரு ரூபாயும் வெளியே போகலாகாது.