கொரிய மொழி பயிலும் சீன மாணவர்: பொதுச் சொற்களின் துணையும் தடையும்

சீனாவும் தென்கொரியாவும் 1992 ஆகஸ்டு 24ஆம் நாள் தூதரக உறவை ஏற்படுத்திக் கொண்டன. அதன்பின் வணிகத் தொடர்பு பெருகியது. கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் சீனாவில் பரவின. அயல்நாட்டு மாணவரை ஈர்க்கும் திட்டமொன்றைத் தென்கொரிய அரசு 2004இல் தொடங்கியது. இவற்றின் விளைவாகத் தென்கொரியாவுக்கே சென்று கொரிய மொழி கற்கும் சீனரின் தொகை உயர்ந்தது. 2003இல் அந்நாட்டிலிருந்த அயல்நாட்டு மாணவர் அனைவரும் ஏறத்தாழ 12,000 பேர்; 2019இல் சீன மாணவர் மட்டுமே ஏறத்தாழ 71,000 பேர். இவர்களுக்குத் தாய்மொழி எங்குத் துணையாகிறது, எங்குத் தடையாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களின் ஒலியுறவு

கொரிய அகராதிச் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை சீன மூலம் உடையவை. இன்று அவை பெரும்பாலும் ஹங்குல் எழுத்திலேயே எழுதப்படுவதால் அவற்றின் மூலம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒலியுறவை அறிந்தவருக்கே புலப்படும். 'நாடு' என்னும் பொருளுடைய சொல்லுறுப்பு பொதுச் சீனத்தில் 'குவோ' எனவும் கொரியத்தில் 'குக்' எனவும் ஒலிக்கும். பொதுச் சீனம் இழந்துவிட்ட பழைய ஈற்று வல்லொலியைக் கொரியம் காத்துள்ளது. இத்தகைய உறவுகள் பிடிபட்டபின் மாணவரின் வாசிப்புத் திறன் விரைந்து வளர்கிறது.

பொருள் மாற்றம்

எனினும், ஒரே மூலத்தினவாகிய சொற்கள் இரு மொழிகளிலும் வெவ்வேறு பொருள் தருதல் உண்டு. சீனத்தில் 'சிச்சே' என்பது கார். அதே எழுத்துகளால் அமைந்த கொரியச் சொல்லாகிய 'கிச்சா' தொடர்வண்டியைக் குறிக்கும். சீன நாட்டு வழக்கில் 'அய்ரென்' கணவன் அல்லது மனைவி; கொரிய 'ஏயின்' காதலர். ஒருவர் தம் மனைவியை அறிமுகம் செய்யும் சீனத் தொடர், கவனமற்ற மொழிபெயர்ப்பில் காதலியை அறிமுகம் செய்வதாகிவிடும். தமிழில் சமயச் சொற்பொழிவைக் குறிக்கும் 'உபந்நியாசம்' இந்தியில் நாவலைக் குறிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. அறியாத சொல்லுக்கு மாணவர் அகராதியைப் புரட்டுவர். அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்குப் புரட்டுவதில்லை. பிழை நுழையும் இடம் இதுவே.

வினையும் மதிப்பும்

இலக்கணத்தில் இத்துணையும் இல்லை. கொரியம் வினையை இறுதியில் கொண்ட ஒட்டுநிலை மொழி. சீனம் வினைத்திரிபு அற்றது. கொரியத்தில் எழுவாய்க்குரிய மதிப்பை 'சி' என்னும் இடைநிலையும், கேட்போருக்குரிய மதிப்பை வினையின் ஈறும் உணர்த்தும். 'தாத்தா வந்தார்' என்பதைத் தம்பியிடம் கூறும்போது ஒரு வினைமுற்றும், ஆசிரியரிடம் கூறும்போது வேறொரு வினைமுற்றும் வரும். சீன மூலத்தின் வினை இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே பேசுவோர் யார், கேட்போர் யார், அவர்தம் உறவு யாது என்பனவற்றை மொழிபெயர்ப்பாளரே உய்த்துணர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

முடிவாக

வாசிப்பில் பெறும் விரைவான தேர்ச்சியை முழு மொழித்திறனாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1997 முதல் நடைபெறும் கொரிய மொழித்திறன் தேர்வில் பேச்சுக்கெனத் தனித் தேர்வு 2022இல்தான் தொடங்கப்பெற்றது என்பதும் இங்குக் கருதத்தக்கது. பொருள் மாறிய பொதுச் சொற்களைத் தொகுத்துத் தொடக்கநிலையிலேயே கற்பித்தலும், மதிப்பு ஈறுகளை உரையாடல் சூழலோடு பயிற்றுதலும் இம்மாணவர்க்கு இன்றியமையாதன. மூல மொழியைப் பகிர்ந்துகொள்ளும் எந்த இரு மொழிகளுக்கிடையிலும் மொழிபெயர்ப்போருக்கு இது பொருந்தும்.