கூரைக்குக் கீழே இருப்பதை யார் சொல்வது?

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். அந்த நாளில் காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்பது, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. உலக வங்கியின் துணையோடு 2012-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், உள்ளூர் மாணவர்களும் இளைஞர்களும் தெருத்தெருவாக நடந்து செய்த வேலை அது. 2,256 பள்ளிகளையும் 350 மருத்துவ நிலையங்களையும் பற்றி, எதனால் கட்டப்பட்டவை, எத்தனை மாடி, எவ்வளவு உறுதி என்ற கட்டுமான விவரங்களை அவர்கள் திரட்டினார்கள். அந்த முயற்சியிலிருந்து காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பு 2013-ல் பிறந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் உலகின் பல மூலைகளில் இருந்து ஆயிரக்கணக்கானோர் கணினி முன் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து மலைக்கிராமங்களின் வீடுகளையும் பாதைகளையும் வரைந்து சேர்த்தார்கள். இரண்டு வேலையும் ஒரே வரைபடத்தில்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் இரண்டும் ஒரே வகை வேலை இல்லை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் தன்னார்வ வரைபடப் பணியின் மதிப்பை அளக்க முடியாது என்பது என் வாதம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற அந்த வரைபடத்தை ஸ்டீவ் கோஸ்ட் 2004-ல் லண்டனில் தொடங்கினார். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத் தரவுகளைப் பெறப் பெரும் கட்டணம் தேவைப்பட்ட காலம் அது. மக்களே தெருக்களில் நடந்து, ஜிபிஎஸ் கருவியில் தடத்தைப் பதிந்து, தங்கள் வரைபடத்தைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அமைப்பு எளிமையானது. புள்ளிகள் உண்டு, புள்ளிகளை இணைக்கும் கோடுகள் உண்டு, ஒவ்வொன்றின் மேலும் அது என்ன என்று சொல்லும் குறிச்சொற்கள் உண்டு. ஒரு கட்டடத்தின் சுவர்களைச் சுற்றிக் கோடு இழுத்து மூடினால் அது ஒரு கட்டம். அதற்குக் குறைந்தபட்சமாகத் தரவேண்டிய விவரம் ‘கட்டடம்: ஆம்’ என்ற ஒன்றுதான். பள்ளி, கோயில், வீடு, ரேஷன் கடை என்று மேலே சொல்ல வேண்டியதை யாராவது தெரிந்தவர் வந்து சொல்லவேண்டும். இந்த வரைபடத்தில் உள்ள பெரும்பாலான கட்டடங்கள் இன்றும் அந்த ‘ஆம்’ என்ற பதிலோடுதான் நிற்கின்றன.

தொலைவிலிருந்து வரைவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபோது, இந்த வரைபடத்தில் அந்த நகரத்துக்குச் சில முக்கியச் சாலைகளே இருந்தன. செயற்கைக்கோள் பட நிறுவனங்கள் புதிய படங்களைத் திறந்துவிட, சில வாரங்களில் சுமார் 600 தன்னார்வலர்கள் தெருக்களையும், இடிந்த கட்டடங்களையும், திடீரென முளைத்த கூடார முகாம்களையும் வரைந்து முடித்தார்கள். மீட்புக் குழுக்கள் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு நடந்தது அந்த வரைபடத்தைத்தான். அந்த அனுபவத்தில் இருந்துதான் மனிதாபிமானப் பணிக்கான தனி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு அதே ஆண்டில் உருவானது. வெற்றுத்தாளாக இருந்த நகரத்துக்குத் தெருக்களைத் தருவது பெரிய உதவி. அதில் ஐயமே இல்லை.

ஆனால் அந்த உதவியின் ஒரு பகுதியை இப்போது இயந்திரம் செய்கிறது. மைக்ரோசாப்ட் 2018-ல் அமெரிக்காவின் சுமார் 12.5 கோடிக் கட்டடங்களின் வடிவங்களைக் கணினி வழியே பிரித்தெடுத்து வெளியிட்டது. கூகுள் 2021-ல் ஆப்பிரிக்காவில் தொடங்கி, பிறகு தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா என்று விரித்து, 180 கோடி வடிவங்களைத் தந்திருக்கிறது. அப்படியானால் மனிதர்கள் எதற்கு உட்கார்ந்து கூரை கூரையாகக் கோடு இழுக்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான பதில், இயந்திரம் எதைத் தரவில்லை என்பதில் இருக்கிறது. கூகுளின் தரவில் ஒவ்வொரு வடிவத்தோடும், இது உண்மையில் கட்டடமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற ஒரு மதிப்பெண் வருகிறது. அதற்குள் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்பது வருவதில்லை. கூரையோடு கூரை ஒட்டிய குடிசைப் பகுதியில் பத்து வீடுகள் ஒரே கட்டமாகிவிடுவதும் உண்டு. உயரக் கட்டடங்கள் படத்தில் சாய்ந்து தெரிவதால் கூரையின் இடம் ஓரிடமும் அடித்தளத்தின் இடம் வேறிடமுமாக இருக்கும். மேலே இருந்து பார்ப்பவருக்கு, அது ஆளாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும், தெரிவது கூரை மட்டுமே.

கூரைக்குக் கீழே போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மட்டக்களப்பு நல்ல சான்று. இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து 2012-ன் இறுதியில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையத் தொடங்கின. சுனாமியையும் புயலையும் வெள்ளத்தையும் கண்ட கரையோர ஊர் அது. முப்பதாயிரம் கட்டடங்களின் வடிவத்தை மட்டும் வரைந்திருந்தால் அது கணினி வேலையோடு முடிந்திருக்கும். அவர்கள் கட்டடத்தின் பயன்பாடு, மாடிகளின் எண்ணிக்கை, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று சேர்த்துப் பதிந்தார்கள். வடிவத்தை மட்டும் வரைந்தால் ஓலைக்கூரை வீடும் கான்கிரீட் மாடிவீடும் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்கள்தான். புயல் வரும் இரவில் ஒன்றிலிருந்து ஆட்களை வெளியேற்றவேண்டும். இன்னொன்றுக்குள் ஆட்களைத் தங்கவைக்கலாம்.

தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் 2015-ல் தொடங்கிய ‘ரமானி ஹூரியா’ என்ற வரைபடத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் குடியிருப்புகளில் பல்கலைக்கழக மாணவர்களும் அங்கேயே வாழும் மக்களும் சேர்ந்து நடந்தார்கள். வடிகால் எங்கே தொடங்கி எங்கே அடைந்துகிடக்கிறது, போன மழையில் தண்ணீர் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை வீட்டுக்காரர்களிடமே கேட்டுக் குறித்தார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அந்த உயரம் இருக்காது. அது அங்கே குடியிருப்பவரின் நினைவில்தான் இருக்கும். அந்த நினைவைத் தரவாக்கியதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை என்று நான் கருதுகிறேன்.

இதையெல்லாம் சொல்லும்போது, மக்கள் கையில் வரைபடம் வந்தால் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. சான்றுகள் அதற்கு எதிராகவே இருக்கின்றன. லண்டன் ஆய்வாளர் முக்கி ஹக்லே 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இடக்குறிப்புகள் ஆர்டினன்ஸ் சர்வேயின் குறிப்புகளிலிருந்து சராசரியாக ஆறு மீட்டர் அளவுக்கே விலகியிருந்ததாகக் கண்டார். பயிற்சி இல்லாத மக்கள் செய்த வேலைக்கு அது வியப்பான துல்லியம். அதே ஆய்வில்தான் ஏழைப் பகுதிகள் பணக்காரப் பகுதிகளைவிடக் குறைவாக வரையப்பட்டிருந்ததும் வெளிப்பட்டது. 2023-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு உலகின் 13,189 நகர்ப்பகுதிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 1,848 இடங்களில் கட்டடங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வரைபடத்தில் இருந்தன. 9,163 இடங்களில் 20 விழுக்காடுகூட இல்லை. உலக நகர்ப்புற மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த இரண்டாம் வகை ஊர்களில் வாழ்கிறார்கள். ஓய்வு நேரமும் கணினியும் இணையமும் உள்ளவர்கள் தாங்கள் வாழும் இடத்தை முதலில் வரைவார்கள் என்பது இயல்பு. நைரோபியின் கிபேரா, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சேரிப் பகுதிகளில் ஒன்றாக இருந்தும், 2009 வரை வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. அந்த ஆண்டு கிபேராவின் இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் மருந்தகங்களையும் குறித்தபிறகுதான் அது ஊராகத் தெரிந்தது. வெளியிலிருந்து யாரோ இரக்கப்பட்டு வரைந்திருந்தால் தெருக்கள் வந்திருக்கும். இரவில் எந்தச் சந்து பாதுகாப்பற்றது என்பது வந்திருக்காது.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கெடுக்கலாமே என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. கெடுத்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க் நகரத்தின் பெயரையே யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். தன்னார்வலர்கள் சில மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் இடைநிலை நிறுவனம் ஒன்று அந்தப் பழைய நிலையை எடுத்து வைத்திருந்ததால், சில வாரங்கள் கழித்து அது ஸ்னாப்சாட் போன்ற செயலிகளில் தலைகாட்டியது. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தது என்ற வரலாற்றோடு பதிவாவதால் பழைய நிலைக்குத் திரும்புவது எளிது. கண்காணிக்க ஆள் வேண்டும், அவ்வளவே. நியூயார்க்குக்கு ஆயிரம் கண்கள் உண்டு. ஆள் இல்லாத சிறு ஊரில் ஒரு தவறு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே இந்த மறுப்பும் கடைசியில் உள்ளூர் ஆட்களின் தேவையைத்தான் சுட்டுகிறது.

இன்னொரு மறுப்பு எனக்குக் கனமாகப் படுகிறது. மெட்டா, அமேசான், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் இந்தத் தரவை எடுத்துப் பணம் பண்ணுகின்றன. அவற்றுக்குத் தன்னார்வலர்கள் ஏன் கூலியில்லாமல் உழைக்கவேண்டும்? அமேசான், மெட்டா, மைக்ரோசாப்ட், டாம்டாம் ஆகியவை 2022 டிசம்பரில் ஓவர்ச்சர் என்ற கூட்டமைப்பையும் தொடங்கி, இந்தத் தரவோடு தங்கள் தரவைக் கலந்து வெளியிடுகின்றன. இதில் சுரண்டல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்று வழி என்னவாக இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். கூகுளும் மேப் மேக்கர் என்ற பெயரில் 2008 முதல் மக்களைக் கொண்டு வரைபடத்தை நிரப்பிக்கொண்டது. 2017-ல் அதை மூடியது. மக்கள் சேர்த்ததெல்லாம் கூகுளின் சொத்தாக நின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் 2012 முதலான உரிமம், எடுப்பவர் மூலத்தைச் சொல்லவேண்டும், திருத்திய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் தரவேண்டும் என்கிறது. பெருநிறுவனம் எடுத்தாலும் ஊர்க்காரர் கையில் உள்ளது குறையாது. பொதுக்கிணற்றில் பணக்காரரும் தண்ணீர் எடுக்கிறார் என்பதற்காகக் கிணற்றைத் தூர்ப்பதா?

சேரி வரைபடத்தில் ஏறினால் அதை இடிக்க வருபவருக்கும் வழி தெரிந்துவிடுமே என்ற அச்சத்துக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல இயலாது. வரையப்படாத குடியிருப்பையும் இடிக்கிறார்கள். அங்கே எத்தனை வீடு இருந்தது என்று பிறகு நிரூபிக்க எதுவும் இருப்பதில்லை. ஆயினும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு அங்கே வாழ்பவரிடம் இருக்கவேண்டும். தொலைதேசத்தில் இருந்து கோடு இழுப்பவருக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை இல்லை.

நம் ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2015 வெள்ளத்தின்போது சென்னையில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்களை வைத்து ஒரு வெள்ள வரைபடத்தை உருவாக்கினார்கள். நீர் தேங்கிய தெருவைத் தொட்டுக் குறித்தால் அது மற்றவருக்குத் தெரியும். தெருக்கள் பல ஆண்டுகளாக வரையப்பட்டிருந்ததால்தான் அவசர நேரத்தில் அது முடிந்தது. கேரள அரசின் ஐடி மிஷன் 2019-ல் ‘மேப்பத்தான் கேரளம்’ என்று மக்களையே அழைத்து இந்த வரைபடத்தை நிரப்பச் சொன்னது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியிருப்பதால், சட்டம் தடுக்கிறது என்ற சாக்கும் வலுவிழந்துவிட்டது. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வார்டு எல்லைகளையும் மழைநீர் வடிகால் பாதைகளையும் கட்டட அளவீடுகளையும் பொதுப்பணத்தில்தான் எடுக்கின்றன. உரிமையாளர் பெயர்களை நீக்கிவிட்டு அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், வடிவங்களை வரையும் வேலை தன்னார்வலர்களுக்கு மிச்சமாகும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒவ்வொரு வார்டிலும் நடந்து, தாழ்வான வீடுகள், படுத்த படுக்கையாக இருப்போரைத் தூக்கிச் செல்ல அகலமில்லாத சந்துகள், இரண்டாம் மாடி உள்ள பள்ளிகள் ஆகியவற்றைக் குறிக்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் தொடங்கினால் அதற்குள் முடிக்கக்கூடிய வேலைதான் இது.